மதியக் கை

மண்டை முடிந்து முதுகு தொடங்குகிற இடத்தில், இடது பக்கமாக, ஒரு ஆணி இறங்கியிருந்தது. இருபத்திரண்டு வருஷம் அண்ணாந்து பார்த்துச் சம்பாதித்த வலி. மின்கம்பிக்கும் மரக்கிளைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவனுக்கு வேலை. கம்பத்துக்குக் கம்பம் நடப்பான். அளவுக்கழியைத் தூக்கிப் பார்ப்பான். நெருங்கி வந்த கிளையை நீளக்கழி வாளால் அறுத்துத் தள்ளுவான். தரையைப் பார்த்து நடந்த பழக்கம் இல்லாததால் கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு அண்ணாந்தான் என்று பேர் வைத்திருந்தார்கள். நாலு தடவை பள்ளத்தில் விழுந்ததும் அந்தப் பேருக்குள் அடக்கம்.

இன்றைக்கு ஒன்பதரை மணிக்கே வீட்டுக்குத் திரும்பிவிட்டான். காற்று ஏறியிருந்தது. ஒன்பது மணிக்கே கம்பெனி மின்சாரத்தை நிறுத்திவிட்டது. எட்டு நாளைக்கு முன்னால் மலைச்சரிவில் தீப்பிடித்து மூன்று வீடு எரிந்த பிறகு வந்த புத்தி இது. இலை ஆடினாலே நிறுத்திவிடுகிறார்கள்.

வீட்டுக்குள் அவன் மனைவி இஸ்திரி மேசை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஓட்டல் படுக்கை விரிப்புகள் ஒரு பக்கம் மலையாகக் கிடந்தன. மடித்தது பதினொன்று. மடிக்காதது எண்ணிப் பார்க்கிற அளவில் இல்லை.

"கரண்ட் எப்ப வரும்னு கேட்டுட்டு வந்தீங்களா?"

"காத்து நின்னதும் வருமாம்."

"காத்து எப்ப நிக்கும்னு கேட்டீங்களா?"

"அதுக்கு வேற ஆபீஸ்."

அவள் சிரிக்கவில்லை. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்தின் மூடிமேல் ஒரு துணியை மடித்து வைத்துச் சூடாக்கி, அவன் பின்கழுத்தில் வைத்து அழுத்தினாள். அவன் ஒரு நிமிஷம் கண்ணை மூடினான். உடனே எழுந்தான். ஜன்னலுக்குப் போய்த் தெருக் கம்பியைப் பார்த்தான். வந்து உட்கார்ந்தான். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான். மறுபடியும் ஜன்னல்.

"கொஞ்சம் ஒரு இடத்துல இருங்க. எனக்குத் தலை சுத்துது."

"கம்பி எவ்வளவு மேல நிக்குது பாத்தியா. இழுத்துக் கட்டுன மாதிரி."

"எட்டு நாளா கம்பியத்தான் பாக்கறீங்க. ராத்திரியும் மோட்டுவளையத்தான் பாக்கறீங்க. என்னன்னு வாயத் திறந்து சொன்னாத்தான தெரியும்?"

அவன் சொல்ல வாயெடுத்தான். வாசலில் ஜீப் வந்து நின்றது.

வந்தவன் அவளுடைய தம்பி. கம்பெனியில் ஜீப் ஓட்டுகிறான். தினக்கூலியாக ஆறு வருஷம். வேலை நிரந்தரம் ஆனால்தான் பெண் தருவோம் என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டதால் கல்யாணம் இரண்டு தடவை தள்ளிப் போயிருக்கிறது. செருப்பைக் கழற்றும்போதே சமையலறையை எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா அவியுது?"

"உருளைக்கிழங்கு. வேகல. உக்காரு."

"வேகலைன்னாலும் குடு. ஆபீஸ்ல காலைல இருந்து தண்ணிதான்." ஒரு உறையை எடுத்து மேசையில், விரிப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தான். "மாமா, இது உங்களுக்கு. நாலு மணிக்குப் பாதுகாப்பு ஆபீசர் உங்கள வரச் சொன்னாரு. இதுல கையெழுத்துப் போட்டுக் கொண்டு வந்தாப் போதுமாம்."

பாதுகாப்பு அதிகாரி எந்நேரமும் ஆரஞ்சு மேல்சட்டை போட்டுக்கொண்டு இருப்பவர். ஆபீஸ் அறைக்குள், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்போதும் அதைக் கழற்றமாட்டார். கூரை இடிந்து விழுந்தால் தேடுகிறவர்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று ஆட்கள் பேசிக்கொள்வார்கள்.

அண்ணாந்தான் உறையைத் தொடவில்லை. மனைவிதான் பிரித்தாள். காகிதத்தைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

"'மேற்படி கம்பத்துக்கு அருகில் உள்ள மரக்கிளையை வெட்ட நான் சென்றபோது, நிலத்தின் சொந்தக்காரர் அனுமதி மறுத்து, பணியைத் தடுத்தார்...' யாரு, தேன்காரம்மாவா?"

"ஆமா."

"தடுத்தாங்களா?"

"டீ குடுத்தாங்க."

மச்சினன் கிழங்கை ஊதிக்கொண்டே குறுக்கே வந்தான். "மாமா, எதையும் அப்படி நேராப் பாக்காதீங்க. அந்தம்மா கிளைய வெட்ட வேணாம்னு சொன்னாங்க இல்ல? அதைத்தான் ஆபீஸ் பாஷைல எழுதியிருக்காங்க."

"வேணாம்னு சொல்லல மாப்ள. தேனீக்கு இப்பதான் பூ, ரெண்டு வாரம் கழிச்சு வெட்டலாமா தம்பின்னு கேட்டாங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"உன் கல்யாணத்தத் தள்ளி வச்சதும், நீ வேணாம்னு சொன்னதும் ஒண்ணாடா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பிக்கு வரவில்லை. தட்டைக் கீழே வைத்தான்.

"சிரிங்க. நல்லா சிரிங்க. மூணு வீடு, தேன் கொட்டகை, அந்தம்மா புருஷன் ஆஸ்பத்திரிச் செலவு, எல்லாம் நம்ம கம்பில இருந்து வந்த தீயாலன்னு ஆயிட்டா கம்பெனி குடுக்கணும். குடுத்துட்டு அடுத்து யாரத் தேடுவாங்க? கம்பி சரியா இருக்குன்னு தாள்ல டிக் அடிச்சது யாரு? நீங்க. சொந்தக்காரம்மா தடுத்தாங்கன்னு வந்துட்டா கம்பெனிமேலயும் தப்பில்ல, உங்கமேலயும் இல்ல."

"அப்ப யாருமேல?" என்று கேட்டாள் அக்கா.

அவன் கிழங்கின் தோலை உரித்தான்.

"மத்த ரெண்டு வீட்டுக்காரங்களும் அந்தம்மா மேல பாய்வாங்க. அதான?"

"அதெல்லாம் கோர்ட்டு பாத்துக்கும்க்கா. இந்த மாசம் நிரந்தரம் பண்ற லிஸ்ட்ல என் பேரு இருக்கு. ஆபீசரே வாயால சொன்னாரு. 'உங்க மாமாவுக்கு நல்லது கெட்டது தெரியும்ல'ன்னும் சொன்னாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்." எழுந்து கையைக் கழுவினான். வாசலில் நின்று திரும்பினான். "நாலு மணி, மாமா. நான் அங்கதான் நிப்பேன்."

ஜீப் போன பிறகு வீட்டில் காற்றுச் சத்தம் மட்டும் இருந்தது. எங்கோ ஒரு தகரம் அடித்துக்கொண்டே இருந்தது. மனைவி காகிதத்தைப் பழையபடி மடித்தாள். விரிப்பு மடிக்கிற கை. நாலு ஓரமும் நேராக வந்தது.

"இப்ப சொல்லுங்க. கிளைக்கும் கம்பிக்கும் இடம் இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு. மூணு கையும் ஒரு சாணும்."

"சட்டம் எவ்வளவு?"

"ரெண்டு மீட்டர். நம்ம கணக்குல மூணு கை."

"அப்புறம் என்ன? ஒரு சாண் கூடவே இருந்திருக்கே!"

அவன் எழுந்து அளவுக்கழியை எடுத்து வந்தான். மடக்கிவைக்கும் கண்ணாடிநார்க் கழி. மேல்முனையில் சிவப்பு நாடா மூன்று இடத்தில் சுற்றியிருந்தது. தோளிலிருந்து விரல் நுனி வரை ஒரு கை என்று அவனே அளந்து சுற்றியது. மூன்றுக்கும் கீழே நாலாவதாக ஒரு நீல நாடா.

"இது என்ன தெரியுமா?"

"இத்தனை வருஷம் மூலைல பாக்கறேன். அழகுக்குன்னு நெனச்சேன்."

"இதுக்கு மதியக் கைன்னு பேரு. கம்பி காலைல இருக்கிற இடத்துல மதியம் இருக்காது. வெயில் ஏறும், ஊர்ல எல்லாரும் மோட்டார் போடுவான், மெஷின் போடுவான், கம்பி சூடாகி நீளும். தொங்கும். ஒரு கை இறங்கிடும். அதனால காலைல அளந்தா நாலு கை இருக்கான்னு பாக்கணும். மூணு சட்டத்துக்கு, ஒண்ணு மதியத்துக்கு. புத்தகத்துல கிடையாது. எங்க ஆளுங்க போடற கணக்கு."

"அப்ப மதியத்துலயே போய் அளக்க வேண்டியதுதான?"

"எங்க விடறாங்க? தீத் தடுப்புத் திட்டம்னு ஒண்ணு போட்டாங்க. கோடைல பத்து மணிக்கு மேல வாள் மெஷின் ஓட்டக்கூடாது, பொறி பறக்கும்னு. நியாயம்தான். ஆனா பத்து மணிக்கு வேலைய முடிச்சா, அளக்கறது எல்லாம் விடியக்காலைல. கம்பி ஒசரமா நிக்கிற நேரம். முன்னாடி தாள்ல 'வெயில் குறிப்பு'ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. மதியக் கை சேத்தாச்சான்னு அதுல எழுதுவோம். மூணு வருஷம் முன்ன தாளைச் சுருக்கறேன்னு அதை எடுத்துட்டாங்க."

"கட்டம் இல்லைன்னா நீங்களும் விட்டுட்டீங்களா?"

"இல்ல." கழியை மடக்கினான். மறுபடி நீட்டினான். "கட்டம் இருந்தாலும் இல்லாட்டியும் ஒவ்வொரு கம்பத்துலயும் சேத்தேன். அந்த ஒரு கிளைல மட்டும் சேக்கல."

"ஏன்?"

"ஏழு மணி. மரம் முழுக்க வெள்ளப் பூ. அந்தம்மா டீய வச்சுக்கிட்டு நிக்கறாங்க. ரெண்டு வாரம் தம்பின்னாங்க. கழியத் தூக்கி நுனியக் கம்பிகிட்ட வச்சேன். மூணு கையும் ஒரு சாணும். நீல நாடா கிளைக்குள்ள போயிடுச்சு, என் கண்ணாலயே பாத்தேன். சட்டப்படி இடம் இருக்குக்கா, பூ முடியட்டும்னேன். அவங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும்தான். நாளெல்லாம் மரத்த வெட்டிட்டுத் திட்டு வாங்கறவன். ஒருத்தர் கையெடுத்துக் கும்பிட்டா... மதியம் கம்பி இறங்கும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவங்களே 'வெட்டிடு தம்பி'ன்னு சொல்லியிருப்பாங்க. சொல்லல."

அதற்கு ஐந்தாம் நாள் மதியம் இரண்டரை மணிக்குக் காற்று அடித்தது. தொங்கிய கம்பியில் பூத்த கிளை உரசியது. கீழே காய்ந்த புல்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்றாள் மனைவி.

"எனக்கு."

"இப்ப எனக்கும்." மேசையில் கிடந்த விரிப்பை நீவினாள். சூடில்லாத இஸ்திரிப் பெட்டியை எடுத்து அதன்மேல் ஒரு இழுப்பு இழுத்தாள். சுருக்கம் அப்படியே கிடந்தது. "என் தம்பிக்கு முப்பத்திரண்டு ஆயிடுச்சு. போடாதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. போடுங்கன்னும் வரல. நீங்க எங்கயாவது நடந்துட்டு வாங்க. இங்க இருந்தா என்னையும் பைத்தியம் ஆக்கிடுவீங்க."

அவன் நடந்தான். கால் சரிவுக்குத்தான் போனது.

எரிந்த இடம் தூரத்திலிருந்தே நாறியது. தண்ணீர் ஊற்றி அணைத்த சாம்பல் நாற்றம். காற்று கரித்தூளை அள்ளி முகத்தில் அடித்தது. மரத்தில் பாதி கருகி, பாதி அப்படியே பச்சையாக நின்றது. அடுத்த கம்பத்துக்கடியில் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் கண்ணாடி பொருத்திய புதுக் கருவியை வைத்துக் கம்பியை அளந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் எண் சொன்னான். மற்றவன் எழுதினான்.

"கரண்ட் இல்லாத கம்பிய அளக்கறீங்களே," என்றான் அண்ணாந்தான்.

"கரண்ட் இருந்தா கிட்ட வர முடியுமாண்ணே? ரிப்போர்ட்டு நாலு மணிக்குள்ள வேணுமாம். எல்லாம் சரியா இருக்கு. நல்ல இடைவெளி."

"இருக்கும். படுத்துத் தூங்கறவனுக்கு இளைப்பு இருக்கான்னு பாத்த மாதிரி."

அவர்களுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்கிற சம்பளமும் இல்லை.

தேன்காரம்மா கொட்டகை இருந்த இடத்தில் குந்தியிருந்தாள். எரிந்த தேன்பெட்டிகளைப் பிரித்து, தப்பித்த ஆணிகளையும் கம்பிகளையும் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். விரல் பத்தும் கரி. அறுபது வயசு உடம்பு, எழுந்திருக்கும்போது கையூன்றி எழுந்தது.

"வா தம்பி. உக்காரச் சொல்ல ஒரு பலகை இல்ல பாரு."

"வீட்டுக்காரரு எப்படி இருக்காருக்கா?"

"கையி ரெண்டும் கட்டுப் போட்டிருக்கு. கடைசி நாலு பெட்டியத் தூக்கப் போனாரு. விடுய்யான்னு கத்தறேன், கேக்கல. இப்ப சோறு நான்தான் ஊட்டறேன். 'முப்பது வருஷத்துல ஒருநா ஊட்டுனியா'ன்னு கிண்டல் வேற." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "நாலு பெட்டியும் போச்சு. உள்ள ஒண்ணும் மிஞ்சல."

அவன் டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பெட்டியின் மூலையிலிருந்து ஆணியைப் பிடுங்கினான். கருகிய மரம் விரலோடு வந்தது. அடுத்த ஆணி. ஆணி பிடுங்கும்வரை பேச வேண்டாம் என்பது நிம்மதியாக இருந்தது. கழுத்து இடித்தது.

"கம்பெனில இருந்து ஒருத்தர் வந்தாரு தம்பி. ஆரஞ்சுச் சட்டை. ரொம்ப மரியாதையாப் பேசினாரு. நீங்க கிளைய விடச் சொன்னீங்களாம்மான்னாரு. ஆமாய்யான்னேன். சொன்னேன்ல? இல்லைன்னு எப்படிச் சொல்றது? அதை எழுதிக் குடுக்கச் சொன்னாரு. என் மருமக வரட்டும், படிச்சுப் பாத்துட்டுப் போடறேன்னு சொல்லியிருக்கேன். நாளைக்கு வர்றா."

"போடாதீங்கக்கா."

"உண்மைதான தம்பி? பேராசை. நாலு படி தேனுக்காக ரெண்டு வாரம் கேட்டேன். நீ நல்லவன், விட்டுக்குடுத்த. பக்கத்து வீட்டுக்காரி என்னப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கறா. அவ துணிமணி, புள்ளைங்க படிச்ச தாள் எல்லாம் போச்சு. திருப்பாம என்ன செய்வா? ராத்திரி அவருக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு இதையேதான் நெனைக்கறேன். அந்தப் பூவக் கேக்காம இருந்திருந்தா அவரு கையி நல்லா இருக்கும்."

அவன் வாய்க்குள் நீல நாடா, ஏழு மணி, எல்லாம் வரிசையாக வந்து நின்றது. அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் இன்னும், டீக் குவளையோடு நின்ற அன்றைய நன்றி கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதுதான் வாயைக் கட்டியது.

"மருமக வந்தாலும் போடாதீங்க," என்றான். "நான் சொல்றேன்ல." எழுந்து, கையிலிருந்த ஆணிகளை டப்பாவில் கொட்டிவிட்டு இறங்கி நடந்தான். இந்தத் தடவை தரையைப் பார்த்துத்தான் நடந்தான்.

நாலு மணிக்கு ஆபீஸில் ஜெனரேட்டர் ஓடியது. ஊருக்கே மின்சாரம் இல்லாதபோது மின்சார ஆபீஸில் மட்டும் விசிறி சுற்றியது. மச்சினன் வராந்தாவில் நின்று, கண்ணாலேயே கெஞ்சினான்.

அதிகாரி எழுந்து நாற்காலி காட்டினார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

"கொண்டு வந்திட்டீங்களா?"

"இது அப்படியே இருக்கு சார்." உறையை மேசைமேல் வைத்தான். "எனக்கு ஒரு வெள்ளைத்தாள் குடுங்க."

கால்மணி நேரம் எழுதினான். வாள் பிடிக்கிற கையில் பேனா வழுக்கியது. அதிகாரி படித்தார். மேல்சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே படித்தார்.

"மதியக் கையா? அப்படி ஒரு விதி எங்க இருக்கு?"

"எங்கயும் இல்ல சார்."

"இல்லாத விதிய மீறிட்டேன்னு எழுதிக் குடுக்கறீங்க. உங்களுக்கு நீங்களே குழி வெட்டறீங்க, தெரியுதா? இதைக் காட்டினா, ஆள் தப்பு, கம்பெனி தப்பு இல்லைன்னு எங்க வக்கீலே வாதாடுவாரு."

"பின்பக்கம் பாருங்க சார். அங்க உங்க பங்கு இருக்கு."

பின்பக்கத்தில் பத்து மணி உத்தரவு இருந்தது. அதனால் எல்லா அளவும் விடியற்காலை அளவு என்பது இருந்தது. எடுத்துவிட்ட கட்டம் இருந்தது. அதைத் திரும்பப் போடச் சொல்லி இரண்டு கூட்டத்தில் எழுந்து பேசிய தேதிகள் இருந்தன. இன்றைக்குச் செத்த கம்பியை அளந்ததும் கடைசி வரியில் இருந்தது. நிலத்துக்காரர் தடுக்கவில்லை, கேட்டார், நான் ஒத்துக்கொண்டேன் என்று தனியாக ஒரு வரி.

"அந்தக் கட்டத்த ஏன் எடுத்தோம் தெரியுமா? ஒருத்தனும் நிரப்பறதில்ல."

"நான் நிரப்பினேன் சார். பழைய தாளெல்லாம் உங்க ரூம்லதான் இருக்கு. அந்த அலமாரில, கீழ்த்தட்டு. கதவு சரியா மூடாது, ஒரு கையால தூக்கி மூடணும்."

அதிகாரி அலமாரியைப் பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"இதை நான் வாங்கிக்கலைன்னா?"

"வீடு எரிஞ்சவங்க வக்கீல் வச்சிருக்காங்களாம். அவர்கிட்ட ஒண்ணு எழுதிக் குடுத்துடறேன். எழுத இப்பதான் கை பழகியிருக்கு. வாங்கிக்கிட்டா முத்திரை போட்டு நகல் குடுங்க."

முத்திரை விழுந்தது. கூடவே இன்னொன்றும் கேட்டார். அண்ணாந்தான் கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தான். கயிறு இறங்கியும் கழுத்து லேசாகவில்லை. வராந்தாவில் மச்சினனைக் காணோம்.

ஐந்தரைக்குக் காற்று அடங்கியது. அவன் தெருமுனைக்கு வந்தபோது மின்சாரம் வந்தது. வீட்டுக்கு வீடு ரேடியோவும் மோட்டாரும் ஒன்றாகக் கத்தின. மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். விரிப்பிலிருந்து ஆவி எழுந்தது. ஓட்டல்காரன் வந்து கத்திவிட்டு, இன்னும் ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறான்.

"தம்பி வந்தானா?"

"வந்தான். குதிச்சான். உங்க மூஞ்சில இனிமே முழிக்கமாட்டானாம். மிச்சமிருந்த கிழங்கத் தின்னுட்டுப் போயிட்டான்." பெட்டியை நிறுத்தி வைத்தாள். அவன் வெறும் கழுத்தைப் பார்த்தாள். "எழுதிக் குடுத்துட்டீங்க."

"ம்."

"எல்லாத்தையும்?"

நகலை நீட்டினான். அவள் முன்பக்கம் படித்தாள். பின்பக்கம் படித்தாள். நிலத்துக்காரர் தடுக்கவில்லை என்கிற, தம்பியின் வேலையைக் கெடுக்கிற வரியில் கண் ஒரு கணம் நின்றிருக்க வேண்டும். தாளை மடித்து, அவன் சட்டைப் பையில் வைத்தாள்.

"சரிவுக்குப் போனீங்களே. அந்தம்மாகிட்ட சொன்னீங்களா?"

"கையெழுத்துப் போடாதீங்கன்னு சொன்னேன்."

"அதையா கேட்டேன்?"

அவன் விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தான். அவள் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் இழுத்து, உதறி, கிட்டே வந்து மடித்தார்கள். மறுபடி விலகிப் போனார்கள்.

"ஆபீசருக்குச் சொல்ல முடிஞ்சுது," என்றாள் அவள். "வக்கீலுக்குச் சொல்லத் தயாரு. அந்தம்மா இந்நேரம் புருஷனுக்குச் சோறு ஊட்டிக்கிட்டிருப்பாங்க. தன் பூவாலதான் அந்தக் கையி வெந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டே ஊட்டுவாங்க."

"காலைல போறேன்."

"காலைல ஏழு மணிக்கா?"

அவன் அடுத்த விரிப்பை எடுத்தான். ஜன்னலுக்கு வெளியே தெருக் கம்பி காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தது, அவனுக்கு மட்டும் தெரிகிற அளவு. கழுத்தைத் தேய்த்துக்கொண்டான். கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முத்திரையும் வாங்கியாயிற்று. 'உங்க பூவால இல்லக்கா, நான்தான் ஒரு கை விட்டுட்டேன்' என்று தேன்காரம்மாவின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியது மட்டும் இன்னும் பாக்கி.